வண்டி ஏட்டின் கடைசி வரி

வருமான வரிச் சட்டம் புதிதாக மாறுகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நாட்களில், நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். கம்பெனி கொடுத்த வண்டியை ஊழியர் சொந்த வேலைக்கும் ஓட்டினால் அதற்கு வரி உண்டு. அதில் அவளுக்குச் சில சந்தேகங்கள். தொகை கூடியிருக்கிறது, வண்டி ஏடு எழுதும் முறையும் மாறிவிட்டதா என்று கேட்டாள். அடிப்படை அப்படியேதான் இருக்கிறது, தேதி, இடம், தூரம், எதற்காகப் போனார்கள், இவை நான்கும் ஏட்டில் இருந்தாக வேண்டும் என்றேன். "நீங்க போட்டுக் குடுத்த ஃபார்மட்தான் மேடம் இன்னிக்கும் ஓடுது" என்றாள்.

அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அந்த ஃபார்மட்டால் என்ன நடந்தது என்பதை இதுவரை நான் யாரிடமும் கோர்வையாகச் சொன்னதில்லை.

நான் பிறந்தது வியாசர்பாடி குடியிருப்பில். அப்பா பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் கலாசித் தொழிலாளி. பௌத்தத்தில் பிடிப்புள்ளவர் என்பதால் யசோதரா என்று பெயர் வைத்தார். ஆபீசில் அதை யசோதா என்று சுருக்கிவிட்டார்கள். மூன்று வருடம் திருத்திப் பார்த்து, பிறகு விட்டுவிட்டேன். மாலைக் கல்லூரியில் பி.காம்., மண்ணடியில் ஒரு ஆடிட்டரிடம் கொஞ்ச காலம், அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை இந்த ஒரே கம்பெனி. துறைமுகத்திலும் எண்ணூர் பக்கத்து யார்டுகளிலும் நிற்கும் கிரேன்களைப் பழுது பார்ப்பது அதன் தொழில். பட்டறையும் ஆபீசும் திருவொற்றியூரில்.

எனக்கு விதிகள் பிடிக்கும். மற்றவர்களுக்கு அது விநோதமாக இருந்திருக்கலாம். எழுத்தில் இருக்கிற விதி என்னிடம் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யாராக இருந்தாலும் பக்கத்தைப் புரட்டிக் காட்டினால் அவர் வாயை மூடித்தான் ஆக வேண்டும். அந்தப் பலம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

எனக்கு மேலே இருந்தவர் ராஜமாணிக்கம் சார், நிதி மேலாளர். திருநெல்வேலிப் பக்கம். குடும்பத்துக்கு மொத்த வியாபாரம், இவர் மட்டும் உத்தியோகம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு தாளைக் கொடுத்தால் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. முடிந்ததும் தாளை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். அந்தப் புள்ளிக்கு நாமே பதில் சொல்லி முடிக்கும்வரை அவர் திரும்ப மாட்டார். திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வியர்த்திருக்காது. வேலையை நான் அவரிடம்தான் கற்றேன்.

எங்கள் சர்வீஸ் ஆட்கள் எட்டுப் பேருக்குக் கம்பெனி கார் இருந்தது. வரி விதி சுருக்கமாக இதுதான். கம்பெனி வண்டியை முழுக்க முழுக்க ஆபீஸ் வேலைக்கே ஓட்டினால் ஊழியருக்கு வரி இல்லை. கொஞ்சம் சொந்த வேலைக்கும் ஓட்டினால், மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அவர் சம்பளத்தோடு சேர்த்து அதற்கும் வரி பிடிக்க வேண்டும். முழுக்க ஆபீஸ் வேலைதான் என்று சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொரு பயணமும் ஏட்டில் இருக்க வேண்டும். ஏடு முழுமையானது என்று கம்பெனி சான்று கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்கு வருவதைச் சொந்த உபயோகமாக எடுப்பதில்லை.

நான் பொறுப்பேற்றபோது ஏடுகள் குப்பையாக இருந்தன. மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில், முப்பது நாளையும் எழுதித் தருவார்கள். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போனதை 'துறைமுகம்' என்று எழுதியிருந்தார். பெட்ரோல் பில்லோடு ஒத்துப் பார்த்தபோது அது துறைமுக தூரமே இல்லை. அதனால் இரண்டு கட்டுப்பாடுகள் கொண்டுவந்தேன். வேலைப் பயணத்தை, போய்ச் சேர்ந்த இடத்தில் அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கி எழுத வேண்டும். சொந்தப் பயணம் என்றால் கிளம்பும்போதே எழுதிவிட வேண்டும், பின்னால் எழுதலாம் என்று விட்டால் மறந்துவிடுகிறார்கள். ராஜமாணிக்கம் சார் அந்தச் சுற்றறிக்கையை ஸ்கேல் வைத்துப் படித்து, ஒரு புள்ளிகூட வைக்காமல் திருப்பிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் நான் காற்றில் மிதந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

இப்போது தணிகாசலத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

முகத்துவாரக்குப்பத்துக்காரர். அப்பா, அண்ணன்மார் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் பாலிடெக்னிக் படித்து கிரேன் பிரேக்கில் கைதேர்ந்தவர். எந்த யார்டில் கிரேன் நின்றாலும் ஆபீசுக்குப் போன் செய்யாமல் நேராக இவருக்கே போன் செய்வார்கள். போய்ச் சரிசெய்துவிட்டு வந்துதான் எங்களுக்குச் சொல்வார். ஆபீசில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஒரு ஜூன் மாதத்திலிருந்து அவர் ஏட்டில் தினமும் காலையில் தூரம் கூடியது. வீடு இருப்பது எண்ணூர் முகத்துவாரம். அங்கிருந்து தெற்கே வந்தால் திருவொற்றியூரில் பட்டறை. வண்டியோ பட்டறையைத் தாண்டி ராயபுரம் வரை போய்த் திரும்பியிருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மகள் தாரணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ராயபுரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். காலையில் இவர் காரில் விட்டுவிட்டு வருகிறார், சாயங்காலம் அவர் மனைவி கலா போய் அழைத்து வருகிறாள்.

அப்படியானால் அதைத் தனி வரியாக, சொந்த உபயோகம் என்று எழுத வேண்டும், அதற்கு வரி பிடிப்போம் என்றேன். சில நாள் துறைமுகத்திலேயே வேலை இருக்கிறது, அன்றைக்குப் பள்ளி வழியில்தானே என்றார். வழியில் நின்றாலும் சொந்த வேலை சொந்த வேலைதான் என்றேன். ஒரு நல்ல ஆடிட்டர் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கி வந்திருப்பார். நான் இறங்கவில்லை.

அவர் என் மேஜையில் இருந்த ஏட்டைப் பார்த்தார்.

"சரி மேடம், புட்ச்சிக்கோங்க. பொய் எழுதினு வண்டி ஓட்ட எனக்கு ஆவாது" என்றார்.

அந்த நிமிடத்திலிருந்து அவர் ஏடு மாதிரி ஒரு ஏடு கம்பெனியில் இல்லை. காலையில் வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்புமுன் ஒரு வரி: வீடு முதல் ராயபுரம் பள்ளி, சொந்தம். அப்புறம் போய்ச் சேர்ந்த இடத்தில் அடுத்த வரி, கையெழுத்தோடு. எட்டுப் பேரில் அவர் ஒருவருக்குத்தான் வரி. கல்யாணத்துக்குப் போய்த் 'துறைமுகம்' என்று எழுதியவர் அதற்குள் வேறு விதமாக எழுதப் பழகிவிட்டார், அவருக்கு வரி இல்லை. எனக்கு அது தெரியும். நிரூபிக்க முடியாததை நான் பிடிக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதிதாக வருகிறவர்களுக்குத் தணிகாசலத்தின் ஏட்டைத்தான் மாதிரியாகக் காட்டுவேன்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு எர்ணாவூர் தாண்டி எண்ணூர் சாலையில் ஒரு கண்டெய்னர் டிரெய்லர் அவர் கார்மேல் ஏறியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார். மகளை எட்டே முக்காலுக்கே பள்ளியில் விட்டிருந்தார். தகவல் வந்தபோது பட்டறையில் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். நானும் நின்றேன்.

ஒன்பதாம் நாள் ராஜமாணிக்கம் சார் கூப்பிட்டார். போலீசிலிருந்து வந்திருந்த அந்த ஏடு அவர் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். கடைசி வரி: வீடு முதல் ராயபுரம் பள்ளி, சொந்தம். கிளம்பியபோது இருந்த கிலோமீட்டர் எழுதியிருந்தது. முடிந்த கிலோமீட்டருக்கான கட்டம் காலி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு. சொந்த வேலையாகப் போகும்போது இறந்தால் இல்லை. அன்று ஆபீசிலிருந்து அவருக்கு எந்த வேலையும் ஒதுக்கப்படவில்லை. பட்டறையைத் தாண்டி வடக்கே போயிருக்கிறார், வீடும் அந்தப் பக்கம்தான், ஆகவே மகளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பது கம்பெனியின் நிலை. ஏட்டுக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் நான் ஒரு சான்றில் கையெழுத்திட வேண்டும். 'மேற்படி தேதியில் வாகனம் சொந்த உபயோகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டதாகப் பதிவேடு காட்டுகிறது.' ஒரே வாக்கியம்.

அவர் வேலைப் பயணத்தைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுதுவார் என்றேன்.

"ஏட்டுல என்ன இருக்கோ அதைத்தானம்மா கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னலைப் பார்த்தார்.

வாக்கியத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் பொய் இல்லை. ஏடு அப்படித்தான் காட்டியது. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் கலா ஆபீசுக்கு வந்தாள். கணவருடைய சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போகும்போது என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"காலைல எவ்ளோ லேட்டானாலும் அந்த நோட்ட எழுதாம வண்டிய எடுக்க மாட்டாரு. 'யசோதரா மேடம் பாப்பாங்க, கரீட்டா இருக்கணும்'பாரு. அன்னிக்கும் எழுதிட்டுதான் போனாரு மேடம்."

என் பெயரை முழுதாகச் சொன்னவர்கள் அந்தக் கம்பெனியில் குறைவு. தணிகாசலம் சொல்லியிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகும் நான் சும்மாதான் இருந்தேன். இழப்பீடு கேட்டுக் கலா போட்ட வழக்குக்குக் கம்பெனி எழுதிய பதில் மனு ஏழு மாதம் கழித்து என் பார்வைக்கு வந்தது. முதல் இணைப்பு என் சான்று. 'இறந்தவரே தன் கைப்பட எழுதியபடி' என்று அதில் ஒரு வரி. தன் கைப்பட என்ற சொற்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, விபத்துக்குப் பிறகு போலீஸ் காரை நிறுத்தி வைத்திருந்த இடத்தைத் தேடிப் போனேன். அதற்குள் அது பழைய இரும்புக்குப் போய்விட்டிருந்தது. உள்ளே ஏதாவது சாமான் இருந்ததா என்று கேட்டதற்கு, பின் சீட்டில் துணி சுற்றிய ஏதோ ஒரு செம்புக் கம்பிச் சுருள் கிடந்ததாக அங்கே ஒருவர் சொன்னார்.

கிரேன் பிரேக்கில் ஒரு காயில் உண்டு. எரிந்து போனால் புதிதாகச் செம்புக் கம்பி சுற்ற வேண்டும். அதை எங்களுக்குச் சுற்றிக் கொடுப்பவர் தண்டையார்பேட்டையில் இஸ்மாயில் பாய். ராயபுரத்திலிருந்து வடக்கே வருகிற வழியில்தான் அவர் கடை. பஸ் பிடித்து நேராக அங்கே போனேன். நான் யார் என்று சொன்னதும் அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டார்.

"காலைல ஒம்போது மணி இருக்கும்மா. அவரு முந்தியே குடுத்துட்டுப் போன காயிலுக்கு அப்பதான் வார்னிஷ் போட்டு வெச்சிருந்தேன். காயட்டும், மத்தியானம் வாங்கிக்கோன்னேன். 'யார்டுல இருந்து போன் வந்துகீது பாய், கிரேன் நின்னுகீது, லோடு அந்தரத்துல தொங்கினுகீது'ன்னாரு. ஈரத்தோட துணில சுத்தி எடுத்துகினு போனாரு. யாரும் வந்து கேக்கலியே, நானா யாருகிட்ட போய்ச் சொல்றது?"

பில் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அந்தத் தேதி. எங்கள் கம்பெனி பெயர். கீழே தணிகாசலத்தின் கையெழுத்து.

மறுநாள் ராஜமாணிக்கம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதன் நடுவில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு, கெட்ட எண்ணமே இல்லாத குரலில் கேட்டார்.

"ஏடு முழுசில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, ஏடு முழுசா இருக்குன்னு இத்தனை வருஷம் வரிக்கு நாம குடுத்த சான்றெல்லாம் என்னாகும்மா? எட்டுப் பேருக்கும் பழசத் தோண்டுவாங்க. கீழ கையெழுத்து உங்களது."

அது மிரட்டல் இல்லை. அவர் சொன்னது விதிப்படி சரி. அதனால்தான் அது என்னைக் கட்டிப்போட்டது. எல்லாச் சான்றிலும் என் கையெழுத்துதான். அது பொய் என்றானால் நான் யார்? வியாசர்பாடியிலிருந்து வந்து ஒரு தப்பு இல்லாமல் வேலை பார்த்தவள் என்ற ஒன்றைத் தவிர என்னிடம் வேறு என்ன இருந்தது? வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிது இதுதான். ஓய்வு பெறுவதற்கு இன்னும் பதினாறு மாதங்கள் இருந்தன. பதினாறு மாதமும் வாயைத் திறக்கவில்லை.

ஓய்வு பெற்ற வாரமே கலாவின் வக்கீலைத் தேடிப் போனேன். பாரிமுனையில் ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி. நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்ட அவர், முதலில் அந்தப் பில் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார். தண்டையார்பேட்டைக்குப் போனேன். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் பாய் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது. தரையோடு இருந்த அலமாரி முழுக்க நாசம். ஊறிப்போன புத்தகங்களைக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டதாகப் பாய் சொன்னார். நான் அங்கேயே கம்பி உருளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அது ஆறிப்போனது.

தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன்னால் நான் சாட்சி சொன்னேன். பாயும் வந்து சொன்னார். எந்தத் தேதி என்று கம்பெனி வக்கீல் கேட்டதற்கு, தணிகா செத்த அன்றைக்கு என்றார். அந்தத் தேதிக்குத் தாள் ஏதாவது இருக்கிறதா என்றார்கள். இல்லை. காயில் இல்லை, கார் இல்லை. யார்டில் போன் செய்த மேஸ்திரி ஒப்பந்தம் முடிந்து ஒரிசாவுக்குப் போய்விட்டார். பிறகு என் சான்றை என் கையில் கொடுத்து, இதில் நான் எழுதியிருப்பது பொய்யா என்று கேட்டார்கள்.

பொய்யில்லை, முழுமையில்லை என்றேன். அப்படியானால் வரித்துறைக்குக் கொடுத்த சான்றுகளும் முழுமையில்லையா என்பது அடுத்த கேள்வி. ஆமாம் என்றேன். ராஜமாணிக்கம் சார் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இறங்கி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாய்தாக்கள் போய்க்கொண்டே இருந்தன. சாயங்காலம் அழைத்து வருகிறவள்தான் இனி காலையிலும் கொண்டுபோய் விட வேண்டும் என்றான பிறகு கலாவால் இரண்டையும் பிழைப்புக்காகச் சேர்ந்த வேலையோடு சமாளிக்க முடியவில்லை. தாரணி பள்ளிக்குப் போவது குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. மூன்றாவது வருடம் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. கருணைத் தொகையாக ஒன்று தருகிறோம், வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றது. சட்டப்படி வந்திருக்க வேண்டியதில் அது சிறு பங்கு. இன்னும் இழுத்தால் எதுவும் வராமல் போகலாம் என்று வக்கீல் சொன்னார். கலா சம்மதித்தாள். அந்தக் காசில் ராயபுரத்தில் பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு ரூம் எடுக்கப் போவதாகச் சொன்னாள்.

கையெழுத்துப் போடும் நாளில் நானும் போயிருந்தேன். கூப்பிட்டது கலாதான், தாள் ஆங்கிலத்தில் இருக்கும், படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று. தாரணியும் வந்திருந்தாள். பன்னிரண்டு வயது, அப்பாவின் நெற்றி. மேஜையின் அந்தக் கோடியில் நின்று எங்கள் வாய்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டேன்.

"இன்னா எழுதிகீது? சொல்லுங்க."

"விபத்து நடந்தப்போ என் கணவர் வண்டியைச் சொந்த வேலைக்கு ஓட்டிக்கிட்டிருந்தார்னு நான் ஒத்துக்கறேன்னு இருக்கு கலா."

அவள் அந்த வரிமேல் விரலை வைத்தாள், ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள்போல.

"வேலைக்குத்தான மேடம் போனாரு?"

"வேலைக்குத்தான் போனாரு."

தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை வைத்ததும் தாரணி அம்மாவின் தோளைத் தட்டி, கைகளால் என்னவோ கேட்டாள். அந்தச் சைகைப் பேச்சு எனக்குத் தெரியாது. கலா தாளைக் காட்டினாள், பிறகு என்னைக் காட்டினாள், பிறகு இரண்டு கைகளாலும் நீளமாக எதையோ சொன்னாள். அந்தப் பெண் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவே இல்லை.

என்ன சொன்னாய் என்று நான் கலாவிடம் கேட்கவில்லை.